குழாய்த் தண்ணீரில் கரைந்த அலுமினியம்: கடலோரப் பள்ளி ஒன்றின் வேதியியல் செய்முறை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட பாக் விரிகுடாக் கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தின் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை இங்கே பதிவுசெய்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு உலோகங்களின் வினைதிறன், அமிலங்களோடு அவற்றின் வினை, மின்சாரம் செலுத்திச் சேர்மங்களைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பு ஆகிய மூன்றையும் கரும்பலகையோடு நிறுத்தாமல் கையால் செய்து காட்ட வேண்டும் என்று அப்பள்ளியின் அறிவியல் ஆசிரியை விரும்பினார். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில், உடனிருந்து குறிப்பெடுக்கும்படி என்னை அழைத்திருந்தார். பொதுத்தேர்வின் செய்முறைப் பட்டியலில் இல்லாத சோதனைகளுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவது எளிதன்று என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, அரையாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய நாள்களில் மாலைப் பாடவேளைகள் இதற்கென ஒதுக்கப்பட்டன.

பின்னால் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வேர் பள்ளியின் தண்ணீரில் இருப்பதால், அதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பள்ளியில் மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் வருகிறது, ஆனால் நாள்தோறும் வருவதில்லை. அது வராத நாள்களில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். கை கழுவவும் தரை துடைக்கவும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிக் குழாய்களில் விடுகிறார்கள். நாக்கில் வைத்தாலே கரிக்கும் தண்ணீர் அது. இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. ஆய்வக மேசையில் இருக்கும் குழாயிலும் அதுவே வருகிறது.

முதல் அமர்வு: ஒரே உலோகம், இரண்டு நடத்தை

மாணவர்கள் ஆறு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மெக்னீசிய நாடா, துத்தநாகத் துண்டுகள், இரும்பாணி, செம்புக் கம்பி, சமையலறையில் உணவு பொதியப் பயன்படும் அலுமினியத் தாள் ஆகியவையும், சோதனைக் குழாய்களில் காப்பர் சல்பேட் கரைசலும் தரப்பட்டன. கரைசல் 100 மில்லிலிட்டர் நீருக்கு ஏறத்தாழ 10 கிராம் மயில்துத்தம் என்ற அளவில் இருந்தது. சோதனையைத் தொடங்கும் முன், வினைதிறன் வரிசையை (வினைதிறன் கூடிய உலோகத்திலிருந்து குறைந்த உலோகம்வரை அடுக்கிய பட்டியலை)ப் பார்த்து எந்த உலோகம் செம்பை வெளியேற்றும், எது விரைவாக வெளியேற்றும் என்று ஒவ்வொரு குழுவும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு என்ற வரிசைப்படி எல்லாக் குழுக்களும் ஒன்றுபோலவே எழுதின.

மெக்னீசியமும் துத்தநாகமும் இரும்பும் எழுதியபடியே நடந்தன. இரும்பாணியின்மீது செந்நிறப் படிவு ஏறியது, நேரம் செல்லச் செல்லக் கரைசலின் நீலம் வெளிறிப் பச்சை சாயத் தொடங்கியது. செம்புக் கம்பியில் மாற்றம் ஏதும் இல்லை. அலுமினியத்தில்தான் சிக்கல் எழுந்தது. நான்கு குழுக்களின் சோதனைக் குழாய்களில் பாடவேளை முடியும்வரை அலுமினியத் தாள் பளபளப்புக் குன்றாமல் அப்படியே கிடந்தது. மற்ற இரண்டு குழுக்களின் குழாய்களிலோ சில நிமிடங்களில் தாளின்மேல் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவின, குமிழிகள் எழுந்தன, குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரிந்தது. இறுதியில் தாள் ஓட்டை ஓட்டையாகிக் குழாயின் அடியில் பழுப்புக் கசடு தங்கியது.

ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய தாள்தான் எல்லோரிடமும் இருந்தது. மயில்துத்தமும் ஒரே புட்டியிலிருந்து எடுத்தது. ஆகவே உலோகத்தின் தூய்மை, தாளின் பழமை, உப்பின் தரம் போன்ற வழக்கமான விளக்கங்கள் எவையும் இங்கே பொருந்தவில்லை.

இந்த இடத்தில் ஆசிரியை கவனித்த இன்னொன்று, என் பார்வையில், முழு நிகழ்வின் திருப்புமுனை. அலுமினியம் வினைபுரியாத நான்கு குழுக்களில் இரண்டு, தங்கள் ஏட்டில் ‘செம்பு படிந்தது’ என்று எழுதியிருந்தன. கண்முன்னே எதுவும் படியவில்லை. பாடநூலின் வரிசைப்படி படிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதியிருந்தார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், அடுத்த அமர்விலிருந்து பேனாவால் மட்டுமே எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் இருந்தாலும் பழைய வரி படிக்கும்படி இருக்க வேண்டும், எதிர்பார்த்ததையும் கண்டதையும் தனித்தனி நிரல்களில் எழுத வேண்டும் என்று அவர் விதித்தார். அந்த விதி இல்லாமற்போயிருந்தால், பின்னால் நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்கு நம்பத்தகுந்த பதிவு எதுவும் கையில் இருந்திருக்காது.

இரண்டாம் அமர்வு: அமிலங்களோடு

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெக்னீசியம் சீறிக் கரைந்தது. துத்தநாகம் நிதானமாகக் குமிழிவிட்டது, அதில் ஒரு சொட்டு காப்பர் சல்பேட் விட்டதும் குமிழிகள் பெருகின. இரும்பு மெதுவாகவே வினைபுரிந்தது. செம்பு அசையவில்லை. அலுமினியம் முதலில் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு துத்தநாகத்தையும் மிஞ்சும் வேகத்தில் கரைந்தது. இந்தத் தயக்கத்துக்கு அலுமினியத்தின்மேல் இயல்பாகவே படிந்திருக்கும் ஆக்சைடு படலம் காரணம் என்பதைப் பாடநூல் அறிந்த எவரும் சொல்லிவிடலாம், மாணவர்களும் சொன்னார்கள்.

நீர்த்த கந்தக அமிலத்தில் அலுமினியம் ஏறத்தாழ எதுவுமே செய்யவில்லை. குழாய்த் தண்ணீரில் நீர்த்த அமிலத்தைப் பெற்றிருந்த குழு மட்டும் தாளின் ஓரத்தில் மிக நுண்ணிய குமிழிகள் தெரிவதாகக் குறித்தது. அந்த அளவு குமிழியைக் கொண்டு முடிவுக்கு வர இயலாது என்று ஆசிரியை அதை ஐயத்துக்குரிய பதிவாக ஒதுக்கிவைத்தார், ஆனால் நீக்கவில்லை. அமிலத்தை எப்போதும் நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்ற விதியும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் மேசையை அணுகக்கூடாது என்ற விதியும் இந்த அமர்வு முழுவதும் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டன. நீர்த்தல் வேலையை ஆசிரியையே செய்தார்.

மூன்றாம் அமர்வு: மின்னாற்பகுப்பும் எதிர்பாராத வாடையும்

நீரை மின்னாற்பகுத்தால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற பரும விகிதத்தில் கிடைக்கும் என்பது எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் பாடம். பள்ளியில் அதற்குரிய கண்ணாடிக் கருவி இல்லாததால், அடிப்பகுதியில் இரண்டு கார்பன் தண்டுகள் பொருத்திய நெகிழிக் குவளையில் நீரை நிரப்பி, சில சொட்டு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, தண்டுகளின்மேல் நீர் நிரப்பிய சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து, 9 வோல்ட் மின்கலத்தை இணைத்தார்கள். குவளையை நிரப்புவதற்கு நிறையத் தண்ணீர் வேண்டியிருந்ததால், மேசைக் குழாயையே திறந்தார்கள்.

எதிர்மின்வாய்க் குழாயில் வாயு சீராகச் சேர்ந்தது. நேர்மின்வாயிலும் குமிழிகள் எழுந்தன, ஆனால் குழாயில் சேர்ந்த வாயு பாதிக்கும் வெகு கீழே நின்றது. விகிதத்தை அளந்து எழுதுவதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, “டீச்சர், ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்குது” என்றாள். ஊரின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாள்களில் பழகிய வாடை என்பதால் அடையாளம் காண அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. அடுத்த மேசையிலிருந்தும் அதே சொல் வந்தது.

ஆசிரியை உடனே மின்கலங்களைக் கழற்றச் சொன்னார், சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு மாணவர்களை வெளியே அனுப்பினார். யாருக்கும் இருமலோ கண்ணெரிச்சலோ ஏற்படவில்லை. காற்றோட்டம் சீரான பிறகு அவர் மட்டும் உள்ளே சென்று, ஈரமான நீல லிட்மஸ் தாளை நேர்மின்வாய்க் குழாயின் வாயருகே பிடித்தார். தாள் முதலில் சிவந்து, பின் நிறமே இழந்து வெளுத்தது. குளோரினுக்குரிய அடையாளம் அதுதான். ஆக்சிஜன் லிட்மஸை ஒன்றும் செய்யாது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணமும்

அன்று மாலை தலைமையாசிரியர், ஆசிரியை, நான் மூவரும் அமர்ந்து பேசினோம். வாகன மின்கலத்துக்கு ஊற்றும் வாலைவடிநீரைக் கடையில் வாங்கி, சோதனைகளை மறுபடி செய்து சரியான முடிவுகளை ஏட்டில் ஏற்றிவிட்டு இதை முடித்துக்கொள்ளலாம் என்பது தலைமையாசிரியரின் கருத்து. மாணவர்களின் பாதுகாப்பும் தேர்வு நெருங்குவதும் அவர் மனத்தில் இருந்தன, அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது.

ஆசிரியை வேறு விதமாக எண்ணினார். வாலைவடிநீர் வாங்குவதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் சரியான முடிவு மட்டும் ஏட்டில் ஏறினால், அலுமினியம் சிலருக்கு வினைபுரிந்து சிலருக்குப் புரியாமல் விட்டதும் குளோரின் வந்ததும் தற்செயல் பிழைகளாக மறைந்துபோகும் என்றார். முதல் நாள் பார்க்காததை எழுதிய குழுக்கள் செய்தது சரிதான் என்றும் ஆகிவிடும். நான் ஆசிரியையின் பக்கம் நின்றேன். நேர்மின்வாயில் வந்தது குளோரின் என்றால், தண்ணீரில் குளோரைடு (உப்பில் உள்ள குளோரின் அயனி) இருந்தாக வேண்டும். அலுமினியம் கரைந்த இரண்டு குழுக்களுக்கும் மற்ற நான்கு குழுக்களுக்கும் இடையே தண்ணீரில் வேறுபாடு இருந்ததா என்று பார்த்தால், இரு புதிர்களுக்கும் ஒரே விடை இருக்கக்கூடும் என்று தோன்றியது.

குறிப்பேட்டைப் புரட்டியபோது அது உறுதிப்பட்டது. காலையில் கேன் தண்ணீரில் கரைத்து வைத்திருந்த காப்பர் சல்பேட் கரைசல் நான்கு குழுக்களுக்கே போதியதாயிருந்தது. எஞ்சிய இரு குழுக்களுக்கும் அவசரமாகக் குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தார்கள். அந்தக் கரைசல் சற்றுக் கலங்கலாக இருந்ததாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். ஆழ்துளை நீரின் பைகார்பனேட் செம்போடு சேர்ந்து தரும் படிவே அந்தக் கலங்கல். அவன் பதிவு எவ்வளவு பயன்படும் என்பது எழுதியபோது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. தண்ணீரை மாணவர்களே சோதிக்க வேண்டும். குளோரைடுதான் காரணம் என்பதை ஊகமாக விடாமல் ஒப்பீட்டுச் சோதனையால் நிறுவ வேண்டும். மின்னாற்பகுப்பு இனி அறைக்குள் நடக்காது.

தண்ணீரைச் சோதித்தல்

கேன் தண்ணீர், காவிரித் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கடல்நீர் என நான்கையும் சோதனைக் குழாய்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் பின்னர் வெள்ளி நைட்ரேட் கரைசலும் விட்டார்கள். அமிலத்தை முதலில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கார்பனேட்டும் வெள்ளியோடு வெண்ணிறப் படிவு தரும், அமிலம் அதை நீக்கிவிடும். கேன் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. காவிரித் தண்ணீரில் மெல்லிய பால்நிற மங்கல் தெரிந்தது. ஆழ்துளை நீரில் தயிர்த்திரள் போல் வெள்ளைப் படிவு இறங்கியது. கடல்நீரில் குழாய் முழுவதுமே வெளுத்தது. வெயிலில் வைத்த படிவுகள் சற்று நேரத்தில் ஊதா சாய்ந்த சாம்பல் நிறத்துக்கு மாறின.

இந்தச் சோதனை குளோரைடு எவ்வளவு என்று சொல்லாது, உண்டா இல்லையா என்பதையும் ஒப்பீட்டு அளவையும் மட்டுமே சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கும். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதியதும், நாள்தோறும் கை கழுவும் தண்ணீரை மாணவர்கள் புதிதாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அடுத்தது ஒப்பீடு. கேன் தண்ணீரில் கரைத்த காப்பர் சல்பேட்டை நான்கு குழாய்களில் ஊற்றி ஒன்றில் எதையும் சேர்க்காமல், ஒன்றில் ஒரு சிட்டிகை கல்லுப்பு, ஒன்றில் பொட்டாசியம் குளோரைடு, ஒன்றில் மெக்னீசியம் சல்பேட் சேர்த்து, நான்கிலும் ஒரே அளவு அலுமினியத் தாளைப் போட்டார்கள். உப்புப் போட்ட குழாயிலும் பொட்டாசியம் குளோரைடு போட்ட குழாயிலும் அலுமினியம் கரைந்தது. மற்ற இரண்டிலும் அசைவில்லை. உப்பு எதுவாக இருந்தாலும் போதும் என்றால் மெக்னீசியம் சல்பேட்டும் வேலை செய்திருக்க வேண்டும். சோடியம்தான் காரணம் என்றால் பொட்டாசியம் குளோரைடு செய்திருக்கக் கூடாது. வினை நடந்த இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது குளோரைடு ஒன்றே. இந்த நான்கு குழாய்களை நான் என் மேல்நிலை மாணவர்களுக்கும் இப்போது செய்து காட்டுகிறேன், அடக்கமான செலவில் இவ்வளவு தெளிவாகக் காரணத்தைத் தனிப்படுத்தும் சோதனை பள்ளி அளவில் அரிது.

உள்ளே நடப்பது

காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகி, அடியிலுள்ள உலோகத்தைக் கரைசலிலிருந்து மறைத்துவிடுகிறது. அதனால்தான், வரிசையில் துத்தநாகத்துக்கு மேலே இருந்தும் அலுமினியம் தூய காப்பர் சல்பேட் கரைசலில் செயலற்றதாகத் தோன்றுகிறது. குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தின் நலிந்த இடங்களைத் துளைக்கின்றன. வெளிப்படும் அலுமினியம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது, அவற்றைப் பெற்றுச் செம்பு படிகிறது. படிந்த செம்பும் அதைச் சூழ்ந்த அலுமினியமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகவே இயங்குவதால் வினை மேலும் விரைகிறது. அலுமினியம் அயனிகள் நீரைச் சற்று அமிலமாக்குவதால் ஹைட்ரஜன் குமிழிகளும் உடன் எழுகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலுமினியம் கரைந்ததும் கந்தக அமிலத்தில் தயங்கியதும் இதே காரணத்தால்தான், முன்னதில் குளோரைடு ஏற்கெனவே இருக்கிறது. ஒதுக்கிவைத்த அந்த நுண்குமிழிப் பதிவும் இதனோடு ஒத்துப்போகிறது, எனினும் அதை நாங்கள் சான்றாக எண்ணவில்லை.

மின்னாற்பகுப்பில் நேர்மின்வாயில் நீரும் குளோரைடும் போட்டியிடுகின்றன. தர மின்னழுத்தங்களை (தர நிலைமைகளில் ஒவ்வொரு வினைக்கும் உரிய மின்னழுத்தங்களை) மட்டும் பார்த்தால் நீர் 1.23 வோல்ட்டில் ஆக்சிஜன் தர வேண்டும், குளோரைடுக்கு 1.36 வோல்ட் வேண்டும். ஆனால் கார்பன் தண்டின்மீது ஆக்சிஜன் உருவாவதற்கு அந்த அளவைத் தாண்டிக் கணிசமான கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், குளோரைடு போதிய அளவில் இருக்கும்போது குளோரின் முந்திக்கொள்கிறது. அது நீரில் நன்கு கரையும். ஆகவேதான் குழாயில் சேர்ந்த வாயு குறைந்தது, வாடை மட்டும் வெளியே வந்தது. பின்னர் வாலைவடிநீரில் கந்தக அமிலம் சேர்த்து அதே தண்டுகளோடு செய்தபோது விகிதம் இரண்டுக்கு ஒன்றை நெருங்கியது, ஆயினும் நேர்மின்வாயில் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆக்சிஜனின் ஒரு பகுதி கார்பன் தண்டையே அரித்துக் கார்பன் டை ஆக்சைடாவதும் ஒரு பகுதி நீரில் கரைவதும் அதற்குக் காரணங்கள்.

ஒரு மாணவன் எழுப்பிய கேள்வி இந்த விளக்கத்தை இன்னொரு படி மேலே கொண்டுசென்றது. “உப்புல சோடியம் இருக்கே டீச்சர், அது ஏன் இந்தப் பக்கம் வரல?” என்று எதிர்மின்வாயைக் காட்டிக் கேட்டான். வினைதிறன் வரிசையில் உச்சிக்கு அருகில் இருக்கும் சோடியம் எளிதில் அயனியாகிவிடும், அதை மீண்டும் உலோகமாக்குவது அதே அளவு கடினம். நீர் இருக்கும் இடத்தில் எலக்ட்ரான்களை நீரே ஏற்று ஹைட்ரஜனைத் தந்துவிடும். ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807இல் சோடியத்தைப் பிரித்தபோது கரைசலை விட்டுவிட்டு, உருக்கிய காஸ்டிக் சோடாவில்தான் மின்சாரத்தைச் செலுத்தினார். ஓர் உலோகம் இன்னொன்றைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் இடப்பெயர்ச்சி வினை, அமிலத்தோடு வினை, மின்னாற்பகுப்பு ஆகிய மூன்றும் ஒரே வரிசையின் மூன்று முகங்கள் என்பது வகுப்பில் முதன்முதலாகத் தெளிவானது இந்தக் கேள்விக்குப் பிறகே.

ஒரு ஜிங்க் கட்டி

அடுத்த அமர்வுக்கு ஒரு மாணவி, தன் தந்தையின் ஃபைபர் படகிலுள்ள அவுட்போர்டு மோட்டாரிலிருந்து கழற்றிய, பாதி அரிக்கப்பட்ட ஒரு ஜிங்க் (துத்தநாக) கட்டியைக் கொண்டுவந்தாள். மோட்டாரின் நீருக்குள் இருக்கும் கால்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது, அது கடல்நீரில் கரையாமலிருக்கவே இந்தக் கட்டியைப் பொருத்துகிறார்கள். மகளை விடவந்த தந்தை வாசலிலேயே நின்று விளக்கினார்: “இது கரையத்தான் டீச்சர் மாட்டுறது. இது கரையலைன்னா மோட்டாரு கரையுதுன்னு அர்த்தம்.”

மாணவர்கள் உடனே தடுமாறினார்கள். வரிசையில் அலுமினியம் துத்தநாகத்துக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் அலுமினியம்தானே துத்தநாகத்துக்காகக் கரைய வேண்டும்? தர மின்னழுத்தங்களும் அதையே சொல்கின்றன: அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட். ஆனால் இவை படலமற்ற உலோகத்துக்கும் தர நிலைமைகளுக்கும் உரிய எண்கள். ஆக்சைடு படலத்தோடு கடல்நீரில் கிடக்கும் அலுமினியக் கலவை, துத்தநாகத்தைவிட மேலான மின்னழுத்தத்தில் நிற்கிறது. அங்கே கரைவது துத்தநாகம். கடல்நீரில் அளந்து அமைத்த வரிசை பாடநூல் வரிசையோடு முழுதும் ஒத்துப்போகாது என்பதைப் படகுக்காரர் தம் தொழிலில் அறிந்திருந்தார்.

டேவி 1824இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதியைப் போர்த்திய செம்புத் தகடுகளைக் காப்பதற்கு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்ததை ஆசிரியை இங்கே சொன்னார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் கரைந்து நஞ்சாகும் செம்பும் நின்றுபோனதால் பாசியும் சிப்பி போன்ற ஓட்டுயிர்களும் தகட்டில் ஒட்டிக் கப்பல்களின் வேகம் குறைந்தது. படகின் அடியைச் சுரண்டிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி சட்டென்று புரிந்தது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியதும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் சேர்க்கப்பட்டதும் அந்தப் பேச்சிலேயே வந்தன. காரைக்குடியில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபத்தில் உலோக அரிமானத்தைச் சோதிப்பது ஏன் என்பதையும் மாணவர்களே ஊகித்துச் சொன்னார்கள்.

பின்விளைவு

உப்புநீரின் மின்னாற்பகுப்பைப் பின்னர் திறந்த வெளியில், காற்று மாணவர்களை விட்டு விலகி வீசும் பக்கத்தில் வைத்து, ஆசிரியை மட்டும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் செய்து காட்டினார். காரத்தில் நிறம் மாறும் பினாப்தலீன் சேர்த்த கரைசல் எதிர்மின்வாயருகே இளஞ்சிவப்பாக மாறியது, காஸ்டிக் சோடா உருவானதற்கு அது அடையாளம். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் ஆலை அளவில் நடப்பது இதுவே என்று சொன்னபோது, வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கும் உறவினர் இருந்த ஒரு மாணவன், உப்பு சாப்பாட்டுக்கு மட்டும்தான் போகிறது என்று இதுவரை நினைத்திருந்ததாகச் சொன்னான். மீந்த கரைசலில் சோடியம் தயோசல்பேட் சேர்த்து, எஞ்சிய குளோரினை நீக்கிய பிறகே கொட்டினார்கள்.

ஏடுகளில் தெரிந்த மாற்றத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கடைசி அமர்வின் பதிவுகளில், எதிர்பார்த்த நிரலும் கண்ட நிரலும் பல இடங்களில் வேறுபட்டிருந்தன, வேறுபட்ட இடங்களில் காரணம் என்னவாக இருக்கலாம் என்ற வரியும் பெரும்பாலான ஏடுகளில் இருந்தது. ஒரு குழு தன் காரணத்தைத் தவறாக எழுதியிருந்தது. ஆனால் தான் பார்த்ததை மாற்றவில்லை. பொதுத்தேர்வில் இதனால் மதிப்பெண் கூடியதா என்பதைப் பிரித்தறிய வழியில்லை, ஆகவே அப்படி ஒரு உரிமை கோரலை இங்கே வைக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

கடலோரத்தில் செய்முறை நடத்தும் பள்ளி எதுவும், எந்தக் கரைசலையும் தயாரிக்கும் முன், பயன்படுத்தும் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் சோதனை ஒன்றைச் செய்துவிட வேண்டும். வெள்ளி நைட்ரேட் விலை கூடியது, ஆனால் ஒரு சோதனைக்குச் சில சொட்டுகளே போதும். கரைசல் புட்டிகளில் பெயரோடும் தேதியோடும் எந்தத் தண்ணீரில் கரைத்தது என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும். இந்தப் பள்ளியில் இப்போது அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மின்னாற்பகுப்பை முதல் தடவையிலேயே அறைக்குள் நடத்தியதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீரில் குளோரைடு இல்லை என்பது உறுதியாகாத நிலையில், குளோரின் வரும் என்றே எடுத்துக்கொண்டு வெளியில் செய்வதுதான் முறை. குளோரின் காற்றைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த அளவில்கூடத் தொல்லை தரும். சேரும் ஹைட்ரஜன் ஒரு சோதனைக் குழாயைத் தாண்டக் கூடாது, அருகில் தீ இருக்கக் கூடாது. மின்கலத்துக்குப் பதில் வீட்டு மின்னிணைப்பை எவரும் எண்ணிப் பார்க்கவும் கூடாது. கார்பன் தண்டு கிடைக்கவில்லை என்று எவர்சில்வர் கரண்டிகளை நேர்மின்வாயாக உப்புநீரில் வைக்கும் பழக்கம் மாணவர்களிடையே பரவலாக இருக்கிறது. அந்த எஃகிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் கரைசலுக்குள் வரக்கூடும் என்பதால் அதைத் தடுத்தே ஆக வேண்டும்.

பாடத்திட்ட அளவில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வினைதிறன் வரிசையைக் கற்பித்தவுடன், ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு இரும்பு, துத்தநாகம், அலுமினியம், செம்பு ஆகியவற்றை இரண்டிரண்டாகக் கடல்நீரில் நிறுத்தி மின்னழுத்தத்தை அளக்கச் செய்யலாம். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது, கடல்நீருக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த ஆசிரியை வரும் கல்வியாண்டில் இதைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறார். ஜிங்க் கட்டி கொண்டுவந்த மாணவியின் தந்தை, தேய்ந்த கட்டிகளையும் அரிக்கப்பட்ட மோட்டார் பாகங்களையும் பக்கத்துப் படகுக்காரர்களிடமிருந்து சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அளவீடுகள் வந்த பிறகு அவற்றைத் தனிப் பதிவாக எழுத எண்ணியுள்ளோம்.